மான் முறித்த கால்

மனைவி மார்லிஸின் சூப்புப் பானையில் கார்புரேட்டர் கொதிக்கிறது. ஹார்லன் ஹூக்ஸ்ட்ரா இரண்டு புட்டி எலுமிச்சைச் சாற்றைக் கவிழ்த்து, மரக்கரண்டியால் அதைப் புரட்டிப் புரட்டி விடுகிறார். நடுநடுவே கரண்டியை முகர்ந்து பார்க்கிறார். நக்கிப் பார்த்தாலும் பார்ப்பார், ஆள் அப்படி. நாற்பது வருஷத்துப் பெட்ரோல் பிசின் இளக இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது என்பது அவர் கட்சி.

"இன்னைக்கு சூப்பு எதுல வைக்கிறது? உன் ஹெல்மெட்லயா?" என்கிறாள் மார்லிஸ்.

அவள் கோபத்தில் நியாயம் உண்டு. போன வாரம்தான் பெட்ரோல் டாங்கிக்குள் வினிகரையும் ஒரு பிடி திருகாணியையும் கொட்டி, கம்பளியில் சுற்றி, துணி உலர்த்தும் மெஷினில் போட்டுச் சுழல விட்டார். டாங்கியின் துரு போனது. மெஷினும் போனது.

இத்தனை பாடும் அவருடைய பழைய மூன்று சக்கர வண்டிக்காக. மூன்று சக்கரம் என்றதும் மீட்டர் போட்ட ஆட்டோவை நினைத்துவிடாதீர்கள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்றும் பூசணிக்காய் போல உப்பிய டயர்கள். கதவு, கூரை ஒன்றும் கிடையாது. மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் தலைதெறிக்க ஏறி இறங்குவதற்கென்றே செய்த சிவப்புப் பிசாசு. இந்த ஜாதி வண்டியை விற்பதை எண்பதுகளிலேயே நிறுத்திவிட்டார்கள். ஓட்டியவர்களின் எலும்புகள்தான் காரணம்.

ஹார்லனுக்கு வயது அறுபத்தெட்டு. செர்ரிப் பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். இடதுகாலை இழுத்து இழுத்து நடப்பார். ஜூன் மாதம் முட்டி மாற்று அறுவை. அதற்கப்புறம் இந்த வண்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, மே கடைசியில் பழைய மூன்று சக்கரக்காரர்கள் மணலில் கூடும் நாள்தான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. எல்லாம் தயார். பின்பக்க மட்கார்டு மட்டும் இல்லை. புதிதாக வார்த்த நகல் கிடைக்கத்தான் செய்கிறது. அதை மாட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போவதற்குப் பேன்ட் இல்லாமலே போகலாம்.

அசல் மட்கார்டு அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, லைல் போஸ்ட்மாவின் கொட்டகைச் சுவரில். லைல் அவருடைய பால்ய சிநேகிதர், பரம விரோதியும் அவரேதான்.

"காசெல்லாம் வேணாம்டா," என்றார் லைல். "சனிக்கிழமை காலைல ஆர்லீன் கடைக்கு வா. எல்லார் முன்னாடியும் உன் கால் எப்படி ஒடஞ்சுதுன்னு சொல்லு. நெஜத்தச் சொல்லணும்."

"மான்டா. மான்தான்."

"மானாவது மண்ணாங்கட்டியாவது! பின்னாடியே வந்தவன் நான்டா!"

எண்பத்தைந்தில் மணல்மேட்டில் ஒரு மான் குறுக்கே பாய்ந்து ஹார்லனைத் தள்ளிவிட்டது என்பது ஊரறிந்த கதை. வருஷத்துக்கு ஒரு கிளையாக அதன் கொம்பு வளர்ந்து, இப்போது அந்த மான் எந்த வாசலிலும் நுழையாது. நடந்தது வேறு. வளைவில் வண்டி சாய்ந்தபோது, மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் ஹார்லன் இடதுகாலைத் தரையில் ஊன்றினார். மூன்று சக்கர வண்டியில் செய்யவே கூடாத காரியம் அது. பின்சக்கரம் குதிகாலைக் கவ்வி, கெண்டைக்காலில் ஏறி, முதலாளியையே கீழே இழுத்துப் போட்டு அவர்மேல் உருண்டு போய்விட்டது. தன் வண்டியைத் தானே தன்மேல் ஏற்றிக்கொண்டவன் என்று பேர் எடுத்தால், அந்த ஊரில் அவன் சவ ஊர்வலத்தில்கூடச் சிரிப்பார்கள்.

மூன்று நாள் ஹார்லன் யாரோடும் பேசவில்லை. கார்புரேட்டரை மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டினார். பாவம், மனுஷனுக்கு அந்த மானை விட்டால் பெருமை சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

சனிக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. முட்டையும் பன்றிக்கறியும் கல்லில் பொரிந்துகொண்டிருந்தன. காபி ஊற்ற வந்த ஆர்லீன் வழக்கம்போல, "என்ன ஹார்லன், மான் சௌக்கியமா?" என்றாள்.

"மானே இல்ல ஆர்லீன்." எழுந்து நின்றார். முகம் வண்டியைவிடச் சிவந்துவிட்டது. "நானே கால ஊனிட்டேன். என் வண்டிதான் என் மேல ஏறுச்சு. போதுமா?"

கடையே சிரிப்பில் வெடித்தது. ஒருவர் மேசையைக் குத்தினார், இன்னொருவருக்குக் காபி மூக்கில் ஏறியது.

"அட மக்கு! மானுக்கு என்ன ஆச்சோன்னு நாப்பது வருஷமா வருத்தப்பட்டுட்டிருந்தேனே!" என்று ஆர்லீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹார்லனுக்கு அவமானம் தாங்கவில்லை. கண்ணே கலங்கிவிட்டது. ஆனாலும் இடத்தைவிட்டு அசையாமல் லைலைப் பார்த்துக் கையை நீட்டினார். "எடுத்துட்டு வாடா."

லைல் வெளியே போய், வண்டியிலிருந்து மட்கார்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, சிரிப்பு அடங்கும்வரை காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, ஏணியிலிருந்து விழுந்து முறிந்ததாக ஊரே நம்பும் தன் இடதுகாலின் பேன்ட்டை முட்டிவரைக்கும் சுருட்டினார்.

"உனக்கு ஒடஞ்சதுக்கு அடுத்த வருஷம் எனக்கும். அதே வளைவு," என்றார். "நீ மொதல்ல சொல்லிட்டேன்னா நானும் சொல்லிடலாம்னு பாத்தேன்."

நீளமான தையல் தழும்பு. ஹார்லன் அதையே வெறித்துப் பார்த்தார். மட்கார்டு அசல்தானா என்று அளந்து பார்க்கக் கொண்டுவந்த டேப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். மட்கார்டின் பக்கம் திரும்பக்கூட இல்லை. முனகிக்கொண்டே முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்து, தன் பேன்ட்டையும் சுருட்டிவிட்டு, முதலில் லைலின் தழும்பை அளந்தார்.