தட்டு காட்டிக்கொடுத்த தந்தி

“...கம்பெனிப் பேரை மட்டும் கொடுங்கன்னு கேக்கறீங்க. பேர் போயிட்டா இங்க மிச்சம் என்ன இருக்கு? இந்த மேசையும் நாலு நாற்காலியும். நாற்காலிகூட வாடகைக்கு எடுத்ததுதான். வேணும்னா அதைத் தூக்கிட்டுப் போங்க!”

மலாக்கா காஜா பேராங் சாலையில் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் காதில் விழுந்த முதல் பேச்சு இது. பேசியவர் காமாட்சி அம்மாள். வயது முப்பத்தெட்டு இருக்கலாம். வெளுத்த கெபாயாச் சட்டை, இறுக்கி முடிந்த கொண்டை. எதிரே கழுத்துப்பட்டை கட்டிய சிங்கப்பூர்க்காரர் ஒருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்தபடி இருந்தார். பேச்சு முழுக்க மலாய். அம்மாளின் இனத்தவரான மலாக்காச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் வேர்விட்டவர்கள். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். கறியில் கடுகு விழுந்த மாதிரி நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல் வெடிக்கும். ஆகவே அம்மாள் சொன்னதையெல்லாம் நான் தமிழாக்கித்தான் தருகிறேன். சூடு குறைந்திருந்தால் குற்றம் என்னுடையது.

ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மெர்டேக்கா என்ற மலாயாச் சுதந்திரம் வந்து எட்டு மாதமாகிறது. எங்கள் சிரம்பானில் நாலு பேர் கூடினால் “இனி நாமளே கம்பெனி தொடங்கணும்” என்கிறார்கள். தொடங்கியவர் யார் என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடுகிறது. சரி, தொடங்கியவர்களையே போய்ப் பார்த்து வருவோம் என்று இந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

காலை 6.30. சிரம்பானிலிருந்து பஸ். ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா வழியாக மலாக்கா ஏறத்தாழ ஐம்பத்திரண்டு மைல். கட்டணம் இரண்டு வெள்ளி இருபது காசு. தம்பின் வரை ரப்பர் மரங்கள் வரிசை தவறாமல் கூட வந்தன. பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் என் பயணத்தின் காரணத்தைச் சொன்னேன். “கம்பெனியா? கூட்டாளி ஒருத்தன் இருந்தா கம்பெனி, ரெண்டு பேர் இருந்தா கோர்ட்டு” என்றார். குறித்துக்கொண்டேன். இப்படிப்பட்ட வாசகங்களுக்காக நான் பஸ் கட்டணத்தை இருமடங்காகக் கொடுக்கவும் தயார்.

காலை 9.45. மலாக்காவில் இறங்கி, ஒரு கோப்பிக் கடையில் பதினைந்து காசுக்கு ஒரு கோப்பி. அங்கிருந்து காஜா பேராங் ஒன்றரை மைல். பேச்சா என்னும் மூன்று சக்கர ரிக்ஷாவின் ஓட்டி ஐம்பது காசு கேட்டார், நாற்பதுக்கு ஒத்துக்கொண்டார். மிதித்தபடியே, “தந்திக்கார அம்மா வீடா? இன்னிக்கு அங்க சண்டை சார். காலையில ஒரு சட்டைக்காரரை இறக்கிவிட்டேன்” என்று எச்சரித்தார்.

அந்தச் சட்டைக்காரர்தான் நான் வந்தபோது அம்மாள் எதிரே இருந்த சிங்கப்பூர்க்காரர். எழுந்தார், என்னைப் பார்த்தார், நான் இருப்பதைப் பொருட்படுத்தாமல், “உங்க ரகசியச் சொல் உடைஞ்சு போச்சு. எங்க ஆபீஸ் வரைக்கும் பேச்சு வந்தாச்சு. அஞ்சு மணிவரை ஓட்டல்ல இருப்பேன். பேரை எழுதிக் கொடுத்தா எங்க தந்திப் புத்தகத்துக்கு ஏஜெண்டா இருக்கலாம். இல்லைன்னா திங்கக்கிழமை கடை கடையா நானே போய்ச் சொல்லுவேன்” என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் போனதும் உள்ளே தட்டச்சு எந்திரத்தின் பின்னாலிருந்து ஒருவர் தலை தூக்கினார். அம்மாளின் கூட்டாளி வீராசாமி. தோட்டத்தில் பிறந்து, தபால் ஆபீஸில் பன்னிரண்டு வருடம் தந்தி அடித்தவர். பேசும்போதும் விரல் மேசையில் கட்டுக் கட்டு என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

“வாங்க சார். நல்ல நாள் பார்த்து வந்தீங்க, லா. கம்பெனி நடத்துறது எப்படின்னு கேக்க வந்தீங்களாம். மூடுறது எப்படின்னும் சேர்த்துப் பார்த்துட்டுப் போங்க” என்றார்.

அவர்கள் விற்பது என்ன என்பதை அவர் வாயாலேயே கேட்டேன். தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. தந்தி பல கைகள் மாறிப் போகும். மிளகு வாங்கப் போகும் செய்தியை வழியில் யாரும் படிக்கலாம். இவர்கள் ஒரு புத்தகம் செய்தார்கள். அதில் ‘கூடை’ என்ற ஒரு சொல்லுக்கு ‘மிளகு விலை ஏறும், நாளைக்குள் வாங்கு’ என்று பொருள். செலவும் மிச்சம், படிப்பவனுக்கும் புரியாது. அடுத்த மாதம் பக்கங்களின் வரிசை மாறும். அதே கூடை, ‘பொறு, வாங்காதே’ ஆகிவிடும்.

“முதல்ல புத்தகம் எழுதினீங்களா, முதல்ல ஆள் பிடிச்சீங்களா?”

“ஆள்தான். மூணு தவுக்கே, அதாவது மூணு கடை முதலாளி, சரின்னு சொன்ன பிறகுதான் முதல் பக்கமே அடிச்சேன். கேட்கிறவன் இல்லாம சமைச்சா நாய்தான் திங்கும். இப்ப பதினாலு கடை. நாங்க விக்கிறது புத்தகம்னு நினைக்கிறீங்க, இல்ல? தூக்கம், சார். தவுக்கே ராத்திரி நிம்மதியா தூங்குறாருல்ல, அதுக்குத்தான் கொடுக்கிறாரு.”

“அப்ப உடைஞ்சது எங்கே?”

வீராசாமியின் விரல் நின்றது. அம்மாள்தான் பதில் சொன்னார்: “என் தட்டுல.”

ஒவ்வொரு மாதமும் பக்க வரிசை மாறுகிறதே, அதை வாடிக்கையாளருக்குச் சொல்வது எப்படி? தபாலில் அனுப்பினால் பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்ட கதை. அம்மாள் ஒரு வழி கண்டார். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒவ்வொரு கடைக்கும் ஒரு தட்டுப் பலகாரம் போகும். ஐந்து வகை: கோச்சி, ஓண்டே-ஓண்டே, வாஜிக், செரி முகா, அப்பம். தட்டின் ஓரத்தில் எது முதலில், எது பின்னால் என்ற வரிசைதான் அந்த மாதத்துச் சாவி. தவுக்கே வரிசையைப் பார்த்துக்கொண்டு சாட்சியத்தைத் தின்றுவிடுவார். சிங்கப்பூரில் தந்தி வாங்கும் ஆளுக்கு வரிசையை வீராசாமி நேரில் போய்ச் சொல்லி வருவார். கேட்டபோது கைதட்டத் தோன்றியது எனக்கு.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு, மிளகும் பாக்கும் வாங்கி விற்கும் காதர் ராவுத்தர் சிங்கப்பூரில் எதை வாங்கத் தந்தி கொடுத்தாலும், பக்கத்துக் கடை முத்தையா அரை நாள் முந்திக்கொண்டார். மூன்று தடவை. எங்கே ஓட்டை என்று நான்கு நாள் தேடி, நேற்றுத்தான் கண்டுபிடித்தார்கள். ராவுத்தர் கடைக்குப் பலகாரம் கொண்டுபோகும் அம்மாள், பக்கத்துக் கடை வாசலைத் தாண்டி வெறும் கையோடு போவது மரியாதை இல்லை என்று, முத்தையாவுக்கும் ஒரு தட்டு கொடுத்து வந்திருக்கிறார். அதே ஐந்து பலகாரம். அதே வரிசை! ராவுத்தர் மேசையில் கிடந்த புத்தகத்தையும் தந்தித் தாளையும் எட்டிப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரருக்குச் சிரமமில்லை; வரிசை ஒன்றுதான் அவருக்குக் குறையாக இருந்தது.

“கை பழகின வரிசை சார். தனியா வேற மாதிரி அடுக்கணும்னு தோணவே இல்லை” என்றார் அம்மாள். பிறகு ஒரு மலாய்ப் பழமொழி: “சுடா தெர்ஹந்தோக், பாரு தெங்காடா.” தலை இடிபட்ட பிறகுதான் அண்ணாந்து பார்ப்பது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று நம் பக்கத்துச் சரக்கை நான் நீட்டினேன். “உங்களுக்குக் கண்ணே போச்சு, எங்களுக்கு வீக்கம்தான். எங்க பழமொழி தேவலை” என்றார்.

பகல் 12.15. “சுடா மாக்கான்?” என்று கேட்டு, சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் சோறு போட்டார்கள். புளி போட்ட மீன், சம்பல். சாப்பாட்டோடு சண்டையும் பரிமாறப்பட்டது.

“ராவுத்தர்கிட்ட அவர் கடை ஆள் யாரோ வாய் விட்டுட்டான்னு சொல்லிடுவோம், தங்கச்சி. தட்டை நிறுத்திடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் வீராசாமி.

“எனக்குத் தெரியும்ல, அண்ணே.” அந்த ‘அண்ணே’ மட்டும் தமிழ். “சிங்கப்பூர்க்காரன் திங்கக்கிழமை சொல்லுவானாம். நான் இன்னிக்கே சொல்லுவேன். பதினாலு கடையிலயும்.”

“பதினாலும் போயிடும்!”

“போகட்டும். பொய் சொல்லிக் காப்பாத்தின பதினாலை வச்சு என்ன பண்ண? ரகசியம் விக்கிறவ வாடிக்கைக்காரன்கிட்டயே ரகசியம் வச்சா, அப்புறம் அந்தப் புத்தகத்தை எவன் நம்புவான்?”

“நீ பலகாரம் கொடுக்காம இருந்திருந்தா...”

“கொடுப்பேன். அடுத்த மாசமும் கொடுப்பேன். வீடு வீடாப் பார்த்து ஒதுக்கித்தான் பிழைக்கணும்னா அது என்ன கம்பெனி? திருடனுக்குச் சோறு போட்ட பிறகும் நிக்கிற பூட்டாச் செய்யுங்க, அண்ணே!”

வீராசாமி சோற்றைப் பிசைந்தார். அம்மாள் தட்டு எடுக்க அலமாரிப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கடைகளிலிருந்து திரும்பி வந்த தட்டுகள் அங்கே அடுக்கியிருந்தன. அவர்கள் வழக்கத்தில் பலகாரத் தட்டு வெறுமையாகத் திரும்பாது. வாங்கியவர் எதையாவது வைத்து, துணி மூடித்தான் அனுப்புவார். ஒன்றில் எலுமிச்சை நாலு, இன்னொன்றில் ஜாதிக்காய் ஊறுகாய், வேறொன்றில் முட்டை ஆறு.

“அண்ணே, அவங்க திருப்பி அனுப்பறதை இத்தனை நாள் நாம தின்னோம். படிக்கவே இல்லையே!”

வீராசாமி எச்சில் கையோடு எழுந்தார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இனி அம்மாள் அனுப்பும் தட்டின் வரிசை பாதிச் சாவி. கடைக்காரர் மூடி அனுப்பும் பொருளும் எண்ணிக்கையும் மறுபாதி. எலுமிச்சை நாலு வைத்த கடைக்கு ஒரு வரிசை, முட்டை ஆறு வைத்த கடைக்கு வேறு வரிசை. முத்தையா தன் தட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ராவுத்தரின் பாதி அவருக்குக் கிடைக்காது. என்ன வைத்தார் என்பது ராவுத்தருக்கும் இந்த வீட்டுக்கும் மட்டுமே தெரியும்.

“பழைய புத்தகத்தை முத்தையா மனப்பாடம் பண்ணியிருப்பாரே” என்றேன்.

“புதுசு நாலு நாளா அடிச்சு நேத்து முடிச்சாச்சு” என்று வீராசாமி நீல அட்டைக் கட்டு ஒன்றைக் காட்டினார். ஆனாலும், “நான் வரலை. திட்டு வாங்க நீ போ” என்று தட்டச்சின் முன் உட்கார்ந்துகொண்டார்.

பிற்பகல் 2.00. அம்மாளும் நானும் பேச்சாவில் பண்டார் ஹிலிர் பக்கம் புறப்பட்டோம். வெயில் தார்ச் சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. கடல் காற்றில் கருவாட்டு வாசம். அம்மாள் மடியில் நீலப் புத்தகக் கட்டு. அதைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். “எண்ணினா திட்டு குறையாது சார். காலு நடந்தாப் போதும்” என்றார்.

எங்கள் சிரம்பானை நினைத்துக்கொண்டேன். தராசு தவறென்று பிடிபட்டால், பிடித்தவனின் கண்ணில் கோளாறு என்று சத்தியம் செய்கிற கடைத்தெருவைத்தான் நான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். தன் தராசு தவறு என்று தானே வீடு தேடிச் சொல்லப் போகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. சொந்த நாடு வந்துவிட்டது. இப்படிச் சொந்தத் தவறும் வந்தால்தான் சொந்தக் கம்பெனி வரும் போலிருக்கிறது.

பாதி வழியில் மணி அடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் எங்களை முந்தியது. வீராசாமி! “கூட்டாளின்னு போர்டுல என் பேரும் இருக்கு. திட்டுல பாதி எனக்கு” என்று கத்திக்கொண்டே போனார். பஸ்ஸில் வந்த பெரியவர் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

பிற்பகல் 2.30. ராவுத்தர் மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தட்டு, வரிசை, பக்கத்து வாசல், முத்தையா முந்திய மூன்று தடவை. ஒன்றையும் மறைக்கவில்லை.

ராவுத்தரின் முகம் கறுத்தது. “ஏம்மா, என் எதிராளிக்கு என் சாவியை வெல்லம் போட்டா கொடுத்தே?”

“வாசலைத் தாண்டி எப்படிப் போறது, தவுக்கே? உங்க தட்டை முத்தையா பார்த்துட்டே நிக்கிறாரு.”

“நின்னா நிக்கட்டுமே!”

“உங்களால முடியுமா? நோன்புக் கஞ்சியை நீங்க அவர் கடைக்குக் கொடுத்தனுப்பறதை இந்தத் தெருவே பார்க்குது.”

ராவுத்தர் மிளகு மூட்டையொன்றின் வாயை இழுத்துக் கட்டினார். பிறகு வீராசாமி பக்கம் திரும்பி, “கடை வச்சு முப்பது வருஷம். தன் சரக்கு கெட்டுதுன்னு தானே வந்து சொன்ன ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன். அதுக்காக விட்டுட மாட்டேன். இந்தப் புதுப் புத்தகம் முத்தையா மடியிலயே இருந்தா என்ன ஆகும்? அதைச் சொல்லுங்க” என்றார்.

“இருக்கட்டும்” என்றார் அம்மாள். திருப்பி அனுப்பும் தட்டின் விஷயத்தை விளக்கினார். ராவுத்தர் இரண்டு தடவை கேட்டார், விரல்விட்டு எண்ணினார். “அப்ப நான் வைக்கிறது என்னன்னு என் கணக்கப்பிள்ளைக்கும் தெரியக்கூடாது.”

“உங்க கையால வச்சு, உங்க கையால மூடணும்.”

“ஒரு மாசம் பார்க்கிறேன். அதுக்கு மேல வாக்கு கேக்காதீங்க.” பிறகு தாழ்ந்த குரலில்: “சிங்கப்பூர் சட்டைக்காரர் காலையில இங்கயும் வந்தாரு. அவங்க புத்தகம் ஒருநாளும் உடையாதாம். உடையாதுன்னு சொல்றவன்கிட்ட உடைஞ்சா எங்க போய்க் கேக்குறது?”

பிற்பகல் 3.10. வெளியே வந்தோம். ஒரு வாடிக்கை தங்கியது, இன்னும் பதின்மூன்று. பக்கத்துக் கடை வாசலில் முத்தையா நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே போகப் பார்த்தார்.

“முத்தையா தவுக்கே!” என்று அம்மாள் நிறுத்தினார். “என் தட்டைப் படிச்சது நீங்கதானே?”

முத்தையா தராசுச் சங்கிலியைத் தடவினார். “...பலகாரம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆச்சு?”

“ஒண்ணரை மாசம்” என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

“தங்கச்சி, வேணாம், வா” என்றார் வீராசாமி.

அம்மாள் கட்டைப் பிரித்தார். புது நீலப் புத்தகம் ஒன்றை உருவி, முத்தையாவின் தராசுத் தட்டிலேயே வைத்தார். “இதையும் படிங்க. உடைச்சிட்டா முதல்ல என்கிட்ட சொல்லுங்க” என்றார். பிறகு மீதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பேச்சாவைக் கைகாட்டி அனுப்பிவிட்டு, அடுத்த வாடிக்கையாளர் கடைக்கு வெயிலில் நடந்தார்.