பிந்தி வந்த எண்கள்

நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலை ஆம்பூருக்கு வெளியே இருக்கிறது. வேதியியல் படித்துவிட்டு அங்கே ஆய்வகத்தில் சேர்ந்தேன். தோல் கழுவிய தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. அந்தத் தண்ணீரெல்லாம் வந்து சேரும் நிலத்தடித் தொட்டி என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. சேர்ந்த நாளிலிருந்தே அதைக் கண்டால் எனக்குப் பயம்.

அதில் உண்டாகும் வாயு அப்படிப்பட்டது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி மூச்சை இழுத்தவர்கள் பிறகு எழுந்ததில்லை. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் சில வீடுகள் வேறு விதமாகத் தெரிந்துகொண்டன.

அதனால் தொட்டிக்குள் ஒரு சென்சாரைத் தொங்கவிட்டிருந்தோம். அதன் வயர் என் மேசை லேப்டாப்புக்கு வரும். வாயு எவ்வளவு என்று திரையில் எண் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணைக் காட்டும் புரோகிராம், கருவியை விற்றவர்கள் கொடுத்த பென் டிரைவில் இருந்தது. அதைச் செருகினால்தான் ஓடும். லேப்டாப்பில் ஏற்றிக்கொள்ள முடியாது. தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில், வாயு ஏறினால் தானாக அலறும் ஒரு சைரன் பெட்டியும் இருந்தது. அதை அந்தக் காற்றே அரித்துத் தின்றுவிட்டது. புதியது வரும்வரை என் திரையை நம்பித்தான் ஆட்கள் உள்ளே இறங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் சென்னைத் தலைமை அலுவலகம் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் புதிய ஆன்டிவைரஸைப் போட்டது. ஷூ பிரிவில் யாரோ செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து டிசைன் ஃபைல்களைக் கெடுத்திருந்தது. அவர்கள் பயம் அவர்களுக்கு. ஆனால் அதன் பிறகு என் புரோகிராம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஓடும்போதும் திக்கித் திக்கி ஓடியது. சென்னைக்கு போன் செய்தேன். கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு பையன் எடுத்தான்.

“மேடம், பென் டிரைவ்ல இருந்து ஓடுற எதையும் அது சந்தேகமாத்தான் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் செக் பண்ணிட்டுதான் விடும். கொஞ்சம் ஸ்லோவா இருக்கும், அவ்ளோதான்.”

“இத மட்டும் விட்டுடச் சொல்ல முடியாதா?”

“அதுக்கு மேல கேக்கணும் மேடம். ஒரு மெயில் போடுங்க.”

மெயில் போட்டேன். பதில் வரவில்லை. மறுபடியும் போட்டேன்.

ஒரு நாள் காலை தொட்டிக்குள் இருந்த மோட்டார் அடைத்துக்கொண்டது. மோட்டாரைப் பார்த்துக்கொள்பவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். திமிரி ஊர்ப் பக்கத்துக்காரர். இடுப்பில் கயிறு கோத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவர் தயாராக நின்றார். கயிற்றைப் பிடித்திருந்தவர் எங்கள் சூப்பர்வைசர்; அவரை எல்லோரும் பாய் என்போம். ப்ளோயர் போட்டு வெகுநேரம் காற்றடித்திருந்தார்கள். திரையில் பூஜ்யம். ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அண்ணன் ஏணியில் கால் வைத்தார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம். பூஜ்யம். மனம் நிம்மதியாகவில்லை. புரோகிராமின் ஓரத்தில், எண் எடுத்த நேரத்தைக் காட்டும் இடத்தில் விநாடிகள் நகர்ந்த விதம் சரியாக இல்லை. ஒன்று மாறி, நின்று, யோசித்து, அடுத்தது மாறியது. கைபேசியை எடுத்து மணி பார்த்தேன். திரையின் நேரம் வெகுவாகப் பின்தங்கிக் கிடந்தது.

அப்போதுதான் புரிந்தது. புரோகிராம் ஒவ்வொரு எண்ணையும் பென் டிரைவில் எழுதிவிட்டுத்தான் திரைக்கு அனுப்பும். எழுதும்போதெல்லாம் ஆன்டிவைரஸ் நிறுத்திச் சோதித்தது. எண்கள் வரிசையில் காத்து நின்றன. நான் பார்த்த பூஜ்யம், அண்ணன் பெல்ட் கட்டுவதற்கு முன்பு இருந்த காற்று. இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கத்தினேன். ப்ளோயர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

“மேல ஏத்துங்க பாய்! ஏத்துங்க!”

“இன்னாம்மா? நீதானே ஓகே காட்டினே?”

“அது பழைய நம்பர் பாய்! இப்போ உள்ள இன்னா இருக்குன்னு தெரியல!”

பாயின் முகம் மாறியது. குனிந்து அண்ணனைக் கூப்பிட்டார். எட்டிப் பார்த்தேன். ஏணியைப் பிடித்திருந்த அண்ணனின் கைகள், தூங்கிப்போன ஆளின் கைகளைப்போல மெல்ல நழுவின. பெல்ட் மட்டும் அவரைத் தாங்கியது. தோலைப் போட்டு உருட்டும் டிரம் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அதில் ஒருவர் உள்ளே இறங்கக் காலை வைத்துவிட்டார். பாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “இறங்காத! கயித்தப் புடி!” என்று அலறினார். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்தது, வலிக்கவில்லை.

வெளியே கிடத்தியபோது அண்ணனின் உதடு நீலமாக இருந்தது. சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் வைத்தோம். செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு இருமினார், வாந்தி எடுத்தார். வேனில் ஏற்றி வேலூருக்குக் கொண்டு போனார்கள். டிரம் பிரிவில் அமிலத் தண்ணீர் வால்வை யாரோ தெரியாமல் திறந்துவிட்டிருந்தார்கள். அது தொட்டியிலிருந்த, சல்பைடு சேர்ந்த சுண்ணாம்புத் தண்ணீரோடு கலந்து வாயுவைக் கிளப்பியிருந்தது.

வேன் கேட்டைத் தாண்டும்போது என் அறையிலிருந்து அலாரம் அடித்தது. நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். நான் மட்டும் உள்ளே போனேன். திரை சிவப்பாக இருந்தது. எண் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் உள்ளே சுவாசித்த காற்று அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அலாரத்தை நிறுத்தக்கூட எனக்குக் கை வரவில்லை.

சென்னைப் பையன் அன்றே அவனாகப் போன் செய்தான். அந்தப் பென் டிரைவைச் சோதனையிலிருந்து விலக்கிவிட்டதாகச் சொன்னான். புதிய சைரன் வரும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது என்று பாய் தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டார். சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

எனக்குத்தான் சரியாகவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் வந்து இறங்கியபின் தெர்மாமீட்டர் சாதாரண எண்ணைக் காட்டியது. நம்ப முடியாமல் இரவெல்லாம் அவள் நெற்றியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் தேறி வேலைக்குத் திரும்பிய அன்று கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நான் கீழ இருந்தப்போ உன் டப்பா இன்னாம்மா காட்டுச்சு?”

“நல்லாத்தான் காட்டுச்சுண்ணே.”

அவர் சிரிக்கப் பார்த்தார். டீ கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

“ஊட்ல, மோட்டார் இடிச்சிடுச்சுன்னு சொல்லிருக்கேன். பசங்க பயப்படும். பாய்கிட்ட கேட்டு தோல் காயப்போடுற பக்கம் மாத்திக்கினேன். இனிமே அந்தப் பக்கமே வர்றதில்லம்மா.”

“அதான் நல்லதுண்ணே” என்றேன். அவர் எழுந்து, ஆய்வகத்துக்கு முன்னால் போகும் வழியை விட்டு, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனார்.