ஐந்தாவது வரி

எங்கள் ஆபீசில் அவருக்கு விளக்கம் அக்கா என்று பெயர். பெயர் வைத்தவள் நான்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

ஊரார் கோப்புகளையெல்லாம் கிளவுடில் வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி எங்களுடையது. கோப்பைத் தேட, நகர்த்த, அழிக்க, அடுத்தவருக்கு அனுப்ப இப்போதெல்லாம் யாரும் மெனக்கெடுவதில்லை. ஏஐ ஏஜென்ட் செய்துவிடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் அதனிடம் ஒரு கருவி உண்டு. அந்தக் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது, எப்போது அதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுப்பது அக்காவின் வேலை. அதைப் படித்துவிட்டுத்தான் ஏஜென்ட் கை வைக்கும். எழுதாமல் விட்டதைப் பக்கத்து சீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை.

அதனாலேயே அக்கா எப்போதும் பயந்து பயந்துதான் எழுதுவார். அழிக்கும் கருவிக்கு எழுதிய அன்று மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். நிச்சயமாகத் தெரியாததை ஒரு சொல்கூட எழுதமாட்டார். வீட்டிலும் இதே கூத்துதான். குக்கருக்குப் பக்கத்தில் கணவருக்கு ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்: மூன்று விசில் வந்ததும் அணைக்கவும், ஆவி அடங்கும்வரை திறக்க வேண்டாம். அந்த மனிதர் இருபது வருஷமாகச் சமைக்கிறவர்.

அக்கா எழுதுவதைச் சரிபார்ப்பது என் வேலை. போன மாதம் மேனேஜர் ஒரு உத்தரவு போட்டார். குறிப்புகள் நீண்டுகொண்டே போகின்றன, ஏஜென்ட் குழம்புகிறது, எந்தக் கருவிக்கும் நாலு வரிக்கு மேல் கூடாது. கோப்பைப் பகிரும் கருவிக்கு அக்கா ஐந்து வரி வைத்திருந்தார். ஐந்தாவது வரி இதுதான்: கெடு எதுவும் கொடுக்காவிட்டால் கோப்பைத் திறக்கும் இணைப்பு இருபத்துநான்கு மணி நேரத்தில் செயலிழந்துவிடும், பெறுபவர் எப்போது திறப்பார் என்று அனுப்பும் முன் கேட்கவும்.

"யாருக்கா ஒரு நாளைக்கு மேல திறக்காம வச்சிருக்கப் போறாங்க? வளவளன்னு இழுக்காதீங்க, எடுத்துருங்க" என்றேன்.

அக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு எடுத்துவிட்டார்.

அக்காவின் தங்கை பள்ளிக்கூட ஆசிரியை. தொண்டையில் கட்டி. குரல் கம்மிப்போய் ஆறு வாரமாக வீட்டில் இருக்கிறாள். வேறு ஊரில் ஒரு பெரிய சர்ஜன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்திருக்கும் ஸ்கேன்களைப் பார்த்து, அந்த மாதம் யாருக்கு ஆபரேஷன் என்று முடிவு செய்வார்.

அந்தத் திங்கட்கிழமை அக்கா கொஞ்சம் தெளிந்த முகத்தோடு வந்தார். தங்கையின் ஸ்கேனைச் சனிக்கிழமை காலையிலேயே நம்முடைய ஏஜென்ட் சர்ஜனுக்கு அனுப்பிவிட்டதாம், அவள் ஒரு வரி டைப் செய்ததோடு சரியாம். பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். முகம் வெளிறிவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை அனுப்பிய இணைப்பு ஞாயிற்றுக்கிழமையே செத்திருக்கும். மணி ஒன்பது ஐம்பது.

வாடிக்கையாளரின் கோப்பை நாங்கள் தொட முடியாது, அவள்தான் திரும்ப அனுப்ப வேண்டும். அக்கா தங்கைக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. சர்ஜனின் ஆஸ்பத்திரிக்குப் போட்டால் லைன் பிஸி. நான் என் போனிலிருந்து ஆஸ்பத்திரியின் இன்னொரு நம்பருக்கு முயன்றேன், அங்கேயும் அதே பாட்டு. எட்டு தடவை அடித்த பிறகு, பத்து இருபதுக்குத் தங்கை எடுத்தாள். புது இணைப்பு போய்ச் சேரும்போது பத்து இருபத்தைந்து.

அதன்பின் எங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அக்கா உட்கார்ந்து ஐந்தாவது வரியை மறுபடி எழுதினார். இந்த முறை அதை முதல் வரியாக வைத்தார். மேனேஜரின் நாலு வரிக் கணக்கைப் பார்க்காமல் நான் ஒப்புதல் கொடுத்தேன்.

மத்தியானம் தங்கை கூப்பிட்டாள். அவள் குரல் காதுக்கு எட்டாது என்பதால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார். ஸ்கேன் திறக்கவில்லை என்று பத்தேகாலுக்கே அவள் பெயரைத் தள்ளிவிட்டார்களாம். அந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. இனி அடுத்த மாதம்தான்.

"ஒரு நாள்தான் இருக்கும்னு அது எங்கிட்ட சொல்லவே இல்லயேக்கா" என்றாள்.

"அதுக்கே தெரியாதுடி. அதுக்கு எழுதிக் குடுக்கிறது நான்தான். அத நான் எழுதாம விட்டுட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையை நீட்டி, போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"உங்க அக்கா எழுதித்தான் இருந்தாங்க. எடுக்கச் சொன்னது நான்" என்றேன்.

நான் யார் என்று அவள் கேட்கவில்லை. நான் பேசியதே காதில் விழாதவள்போல, "அக்கா, ஒரு மாசம் தாங்குமா?" என்றாள்.

"தாங்கும்டி" என்றார் அக்கா.

நிச்சயமாகத் தெரியாத ஒன்றை அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.