டபுள் ஸ்டாண்ட் போட்ட தோசை வண்டி

தள்ளுவண்டி செய்து கொடுப்பது பெரிய வேலையே இல்லை; வாங்கிப்போனவர் மறுநாள் திரும்பி வரும்போதுதான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட்டதை அப்படியே செய்து கொடுத்தும் திட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

இது செல்வியின் வண்டிக் கதை. பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்த்தவர். வீடு தொம்மலூரில் ஒரு சந்துக்குள். பக்கத்து ஐ.டி. கம்பெனி வாசலில் டிபன் வண்டி போட வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. சூப்பர்வைசர் ஒரு மாதம் லீவு கொடுத்திருந்தார். அதற்குள் வண்டி ஓடினால் பிழைப்பு; இல்லாவிட்டால் மறுபடி தையல் மிஷின்தான்.

சந்தில் சிக்கியது

சந்தின் முனையில் நின்று அகலத்தை அளந்து சொன்னது செல்விதான். அந்த அளவுக்குக் கனகச்சிதமாகச் செய்தோம். வண்டி ஜம்மென்று உள்ளே போனது, பாதி தூரம் வரைக்கும். அங்கே ஒரு வீட்டு மாடிப்படி சந்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின்னால் நாலைந்து ஸ்கூட்டர், முன்னால் தண்ணீர் கேன்காரர், எல்லோரும் ஹாரன்!

படியை இடிக்க முடியாது. அப்படியானால் வண்டிதான் இளைக்க வேண்டும்! இரண்டு பக்கத் தட்டையும் அறுத்துக் கீல் போட்டேன். தூக்கினால் பரிமாறும் மேடை, இறக்கினால் வண்டி பாதி. படியை உரசாமல் அது தாண்டியபோது விசிலே அடித்துவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் இர்ஷாத் பாய் சொன்னார்: "நல்லவேளைண்ணே, நாம போய் அளக்கல. அளந்திருந்தா சின்ன வண்டியா செஞ்சு குடுத்துட்டு சும்மா உக்காந்திருப்போம்."

சாய்ந்த தோசை

கம்பெனி வாசல் ரோடு சரிவு. கல்லில் மாவை ஊற்றினால் தோசை ஒரு பக்கம் மெத்தை, மறுபக்கம் அப்பளம். செல்வி சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைத்தார், நழுவியது. வீடு கட்டுகிற இடத்தில் முட்டுக் கொடுக்கும் திருகு ஜாக்கியைப் பார்த்திருப்பீர்கள். பழைய சாமான் கடையில் அதில் நாலு வாங்கி, வண்டியின் நாலு மூலைக்கும் கால் வைத்தேன். கல்லின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, திருகித் திருகிச் சமம் பார்த்தோம்.

வட்டமென்றால் அப்படி ஒரு வட்டம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்விதான் உற்சாகமில்லாமல் நின்றார். "தோசை வட்டமாதான் வருதுண்ணா. ஆனா பழையபடி ஒரு பக்கம் மெத்துன்னு, ஒரு பக்கம் மொறுமொறுன்னு வேணும்னு சாப்பிட வர்றவங்க கேக்குறாங்களே, என்ன பண்றது?"

லாரி வந்தது

நடைபாதைக் கடைகளை அள்ளிப்போகிற லாரி ஒரு நாள் தெருமுனையில் திரும்பியது. மற்ற வண்டிகள் சிட்டாகப் பறந்துவிட்டன. செல்வி மட்டும் குத்துக்காலிட்டு ஜாக்கியைத் திருகிக்கொண்டிருந்தார்! அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது என் திறமை அல்ல, பெங்களூர் ட்ராஃபிக். லாரி வந்து சேருவதற்குள் ஒருவழியாகத் தப்பி, நேரே பட்டறைக்கு வந்து அழுதார்.

அந்த நேரம் பார்த்து இர்ஷாத் பாய் பைக்கில் வந்து இறங்கி, டபுள் ஸ்டாண்டை ஒரு மிதி மிதித்தார். பைக் எழும்பி நின்றது. "பாய், இப்ப முன்னால தள்ளுங்க!" என்று கத்தினேன். தள்ளினார். ஸ்டாண்ட் தானாக மடங்கியது. "மறுபடி!" என்றேன். பாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே மறுபடி செய்தார். கிடைத்துவிட்டது! ஜாக்கிகளுக்குப் பதிலாகக் காயலான் கடையிலிருந்து இரண்டு ஸ்டாண்ட் வந்தது. பள்ளத்துப் பக்கம் நெட்டைக்கால், மேட்டுப் பக்கம் குட்டைக்கால், மிதிக்க நீளமான பெடல், சரிவில் ஓடாமலிருக்க ஒரு பிரேக். அன்று எனக்குப் பசியே எடுக்கவில்லை.

மறுபடியும் லாரி

லீவு முடிகிற வாரம். நான் தோசை தின்றுகொண்டிருக்கும்போதே லாரி திரும்பியது. செல்வி அடுப்பை அணைத்து ஒரு தள்ளு தள்ளினார். கால்கள் மடங்கின, தட்டுகள் இறங்கின, வண்டி சந்துக்குள் மறைந்தது. தட்டும் கையுமாக நான் பின்னால் ஓடினேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே செல்வி சூப்பர்வைசருக்கு போன் போட்டார்: "மேடம், என் மிஷின்ல வேற யாரையாவது உக்கார வச்சிக்கோங்க."

ஆக, சக பட்டறைக்காரர்களே, கண்டுபிடிப்பு என்று நாம் பீற்றிக்கொள்வதெல்லாம், போன வாரம் நாமே செய்து கொடுத்த தொல்லைக்கு இந்த வாரம் வைக்கிற வெல்டிங்தான்.