தேடல் பெட்டியிடம் கேட்டவை

அம்மா போன பிறகு வந்த ஆடி மாதத்தில், என்னோடு வேலை பார்க்கும் பெண் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தாள். பெரம்பலூருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் நான் நூலகர், அவள் உதவி நூலகர். முப்பது வயது, ஒரு பெண் குழந்தை. சிறுவாச்சூரிலிருந்து வருவாள். திங்களும் வெள்ளியும் கோயில் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் தாமதமாகத்தான் வந்து சேருவாள். நான் அரியலூரிலிருந்து வருகிறவள். வயது நாற்பத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் நானுமாக இருந்த வீட்டில் இப்போது நான் மட்டும். தம்பி குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். வேலை இருந்தால் அதற்கடுத்த ஞாயிறு.

சாப்பாடு மட்டுமில்லை. காலையில் உள்ளே வந்ததும் "நைட்டு தூங்குனீங்களாக்கா?" என்று கேட்பாள். சாயங்காலம் நான் அரியலூரில் இறங்கும் நேரம் பார்த்துப் போன் வரும். "வூட்டுக்குப் போயிட்டீங்களாக்கா? சரி, சாப்டுட்டுப் படுங்க." அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். ஆறு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தும் இவளுக்கு என்மேல் இவ்வளவு பிரியம் இருந்தது தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொள்வேன்.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு மத்தியானம் அவள் பின்வரிசை அலமாரிகளில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கல் படிக்கும் பெண் ஒருத்தி கவுன்டருக்கு வந்து, தெர்மோடைனமிக்ஸ் பாடத்துக்கு இணையத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். வழக்கமாக அந்தக் கம்ப்யூட்டரில் உதவி நூலகர்தான் உட்காருவாள். அன்று நான் உட்கார்ந்தேன். திரை அந்த மாணவியின் பக்கமும் திரும்பியிருந்தது. மேலே இருக்கும் பெட்டியில் டி, எச் என்று முதல் இரண்டு ஆங்கில எழுத்தை அடித்தேன். கீழே ஒரு பட்டியல் விழுந்தது.

தனியா இருக்கும்போது நெஞ்சு வலி வந்தா என்ன செய்யணும். தனியா இருந்து செத்துட்டா யாருக்குத் தெரியும். தூக்க மாத்திரை இல்லாம தூங்கறது எப்படி.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது என் வழக்கம். எல்லாம் நான் அடித்தவை. வீட்டில் என் போனில் அடித்தவை. இந்தக் கம்ப்யூட்டரில் ஒன்றைக்கூட அடித்ததில்லை. அந்த மாணவி படித்துவிட்டாள் என்பது, திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றதில் தெரிந்தது. "நான் அப்புறமா வரேன் மேடம்" என்று போய்விட்டாள்.

எப்படி வந்தது என்பது யோசித்ததும் பிடிபட்டது. வாரிசு சான்றிதழுக்காக அம்மாவின் இறப்புச் சான்றிதழைப் பிரின்ட் எடுக்க, சித்திரையில் ஒருநாள் இதே கம்ப்யூட்டரில் என் மெயிலைத் திறந்தேன். அப்போது ஏதோ ஒரு சின்ன ஜன்னல் வந்து, உங்கள் கணக்கை இந்த பிரவுசரோடு இணைக்கட்டுமா என்று கேட்டது. இரண்டு பட்டன் இருந்தன. நீலமாகப் பெரிதாக இருந்ததை அழுத்தினேன். அன்றைக்கு எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டிருப்பேன். அன்றிலிருந்து போனில் நான் தேடியதெல்லாம் அரியலூரிலிருந்து இங்கே வந்து சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

அதன்பிறகுதான் அவள் நினைவு வந்தது. தினமும் இதில் உட்காருகிறவள் அவள்.

கூப்பிட்டேன். கையில் நான்கு புத்தகங்களோடு வந்தாள்.

"இது ஒனக்குத் தெரியுமா?"

அவள் திரையைக் குனிந்து பார்க்கவே இல்லை. "தெரியுங்கா."

"எப்பலேர்ந்து?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

புத்தகங்களை மேசையில் வைத்தாள். "எப்படிக்கா சொல்றது? சொன்னா எங்கிட்ட மொகம் குடுத்தே பேச மாட்டீங்கன்னு பயமா இருந்துச்சு. புள்ளைங்க யாரும் பாத்துடக் கூடாதுன்னுதான் முடிஞ்ச வரைக்கும் இந்த சீட்ட வுட்டு நான் எந்திரிக்கறதில்ல." மௌஸ் பக்கம் கையை நீட்டி, "நான் எடுத்து வுட்டுடட்டுமாக்கா?" என்றாள்.

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

அவள் மேல் கோபம் இல்லை. வெட்கம்கூடக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அடங்காதது வேறொன்று. இரண்டு மாதமாக ஒருத்தி என்மேல் பிரியமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பரிதாபப்பட்டிருக்கிறாள். அன்று சாயங்காலமும் போன் வந்தது. பஸ்ஸில் இருந்தேன். எடுக்கவில்லை.

கல்லூரிக் கம்ப்யூட்டரிலிருந்து என் கணக்கை அன்றே வெளியே எடுத்துவிட்டேன். வந்து சேர்ந்திருந்ததையும் அந்த இயந்திரத்திலிருந்து நீக்கினேன். போனை ஞாயிற்றுக்கிழமை காலையில், குளித்து முடித்து, வேலையாகவே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்படி நிறுத்துவது என்பதையும் அதே பெட்டியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

அமைப்புகளுக்குள் போனால் அறைக்குள் அறையாகப் போய்க்கொண்டே இருந்தது. முதலில், போனில் இருப்பதை மற்ற இடங்களுக்கும் அனுப்பும் ஒத்திசைவை நிறுத்தினேன். என் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ள எத்தனையோ தளங்களுக்கு அனுமதி கொடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக மறுத்தேன். மைக், கேமரா எல்லாம் மூடினேன். மற்ற தளங்களின் குக்கீகளைத் தடு என்று ஒன்று இருந்தது. முதியோர் இல்லம் பற்றி ஒருதரம் தேடியதிலிருந்து, செய்தி படிக்கப் போனாலும் ஓரத்தில் கைத்தடி விளம்பரம் வந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அதுதானாம். தடுத்தேன். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் வானிலை, தங்கம் விலை, ராசிபலன் எல்லாவற்றுக்கும் கீழே வரன் பார்க்கும் தளம் ஒன்று இருந்தது. அம்மா கேட்டாள் என்று எப்போதோ பார்த்தது. எல்லாவற்றையும் நீக்கினேன்.

கடைசியில் ஹிஸ்டரி. அழிக்கும் முன் ஒருதரம் பார்க்கலாம் என்று கீழே தள்ளிக்கொண்டே போய், பழையதிலிருந்து மேலே படித்து வந்தேன். இறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது. கரன்ட் பில் பெயர் மாற்றுவது எப்படி. முதியோர் உதவித்தொகையை நிறுத்த எங்கே சொல்ல வேண்டும். பிறகு, ஒரு ஆளுக்கு எத்தனை டம்ளர் அரிசி. ஒரு ஆளுக்குச் சாம்பார் பருப்பு அளவு. மாவு எத்தனை நாள் கெடாமல் இருக்கும். அதற்குப் பிறகு வந்தவை அந்த மாணவி பார்த்த மாதிரியானவை. ஒரு நாள் 'ஹலோ' என்று மட்டும் அடித்திருக்கிறேன். ஏன் என்று ஞாபகம் இல்லை.

எல்லா நேரமும் என்பதைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பிறகு ஒன்றும் இல்லை.

அன்று முழுக்கப் போன் ஒலிக்கவில்லை. ரிப்பேராகிவிட்டதோ என்று இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். சாயங்காலம் துணி மடிக்கும்போதுதான் புரிந்தது. இத்தனை நாளாக வீட்டில் கேட்ட டிங் டிங் எல்லாம் தங்கமும் மழையும் ராசியும்தான். அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் யாரும் இல்லை. தம்பிக்கு அந்த வாரம் வேலை போலும்.

திங்கட்கிழமை அவள் இரண்டு டப்பா எடுத்து வைத்தாள்.

"இனிமே எனக்குக் கொண்டாராதம்மா. நானே சமைச்சு எடுத்துக்கறேன்."

"சரிங்கா" என்று ஒரு டப்பாவைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அலமாரிகளுக்குப் பின்னால் இருக்கும் மேசையில் சாப்பிட்டாள், நான் கவுன்டரில் சாப்பிட்டேன். சாயங்காலப் போனும் நின்றது. நான் கேட்டது அதுதானே என்று இருந்தேன். தடயம் வைக்காத தனி ஜன்னலைத் திறந்து தேடப் பழகினேன். மூடினால் எல்லாம் போய்விடும். கேட்டேன் என்பது எனக்கே தெரியாது.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது கையை ஊன்றிவிட்டேன். போன் கூடத்தில் இருந்தது. எழ முடியாமல் ஈரத்திலேயே கிடந்தேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நன்றாகக் கேட்டது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று கூப்பிடுவது? அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. பதினோரு வருடமாகப் பக்கத்து வீடு. பாத்திரச் சத்தம் நின்றது. நான் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, இடது கையால் புடவையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். வீட்டில் இருப்பதற்குப் பயமாக இருந்தது.

கவுன்டரில் உட்கார்ந்து, இடது கையால் போனில் தனி ஜன்னலைத் திறந்தேன். விழுந்தால் மணிக்கட்டு வீக்கம் என்று பாதி அடித்தேன். அவள் பத்தடி தூரத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டும் தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலை மூடிவிட்டு, "காலைல பாத்ரூம்ல வுழுந்துட்டேன்" என்றேன்.

கத்தரிக்கோலை வைத்தாள். "எந்தக் கை?"

காட்டினேன். அவள் ஆபீஸில் சொல்லிவிட்டு வந்து, என் பையைத் தானே எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மொதல்ல பாவமேன்னுதான்க்கா கொண்டாந்தேன். பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் உங்ககூட உக்காந்து சாப்டு பழகிடுச்சு. இந்த ஒரு மாசமா தனியா சாப்டறது எனக்கே புடிக்கல."

"உங்க வூட்டு மோர்க்கொழம்பு நல்லாருக்கும்" என்றேன். அவள் சிரித்தாள்.

எலும்பில் மெல்லிய விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். வெளியே மருந்து வாங்க நிற்கும்போது, "நான் இருக்கற தூரத்துக்கு ஓடி வர முடியாதுக்கா. பக்கத்து வூட்டுல ஒரு சாவி குடுத்து வைங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே அம்மா வைத்திருந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா கட்டைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். விழுந்ததைச் சொன்னேன்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேங்க. நான் அங்கதான வெளக்கிக்கிட்டு இருந்தேன்" என்றார்கள். சாவியை வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்கள். "இத்தன வருசமா இருக்கோம், உங்க பேரு கூடத் தெரியல பாருங்க."

என் பெயரைச் சொன்னேன். அவர்கள் பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கட்டு பிரித்தாகிவிட்டது. கல்லூரியில் மறுபடி ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். சாயங்காலம் சில நாள் அவள் கூப்பிடுகிறாள், சில நாள் குழந்தைக்கு வீட்டுப்பாடம் இருக்கும். கூப்பிடாத நாளில் நானே கூப்பிடலாம். எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். இதுவரை இரண்டு தரம்தான் அழுத்தியிருக்கிறேன்.