கல்லறைத் தோட்டத்தின் மேல் ஒரு கடல்

சம்பளம் கிடையாது, நன்றி சொல்ல ஆளும் கிடையாது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாகர்கோவில் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று இணையத்தில் ஒரு பொது வரைபடம் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து இது குளம், இது வயல், இது ரப்பர் தோட்டம் என்று எல்லை போடுவது என்னைப் போன்றவர்களின் வேலை. ஒரே நிலத்தின் மேல் இரண்டு பரப்புகள் ஏறிக் கிடந்தால் பிழை, சிவப்பில் காட்டும். எனக்கோ அந்தச் சிவப்பைக் கண்டால் கை அரிக்கும்.

அன்று சிவந்து கிடந்தது இனயம் பக்கம் கடலோரத்தில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம். எங்கள் அம்மையை அடக்கிய இடம். நான் வரைந்த எல்லைக்குள் பாதிவரை யாரோ கடலை ஏற்றி வைத்திருந்தார்கள். கோடு நேராகக்கூட இல்லை. நடுவில் நிற்கும் புன்னை மரத்தை மட்டும் சுற்றி வளைந்து போனது. “கண்ணு அவிஞ்சா போச்சு இவனுக்கு?” என்று வாய்விட்டே திட்டினேன். படத்தில் சுவர் இருக்கிறது, சுவருக்கு அப்பால் மணல், அதற்கும் அப்பால்தான் கடல். கோட்டைப் பிடித்து மணலுக்கு வெளியே தாராளமாக இழுத்துவிட்டேன். சிவப்பு போயிற்று. சாப்பிடப் போனேன்.

வைகாசியில் அக்கா போன் செய்தாள். குலசேகரத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

“எலே மக்கா, கடலு ஏறும்னு பயந்து கொஞ்சம் பேரு எலும்ப எடுத்து மேட்டுல புதுக் கல்லறைக்கு மாத்துதாவளாம். அம்மையையும் மாத்திருவமா? கடலு எவ்வளவு தள்ளிக் கெடக்குன்னு பாத்துச் சொல்லு.”

பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போயிருக்கலாம். சோம்பேறி நான், உட்கார்ந்த இடத்திலேயே வரைபடத்தில் கல்லறையிலிருந்து கடல் கோடுவரை அளந்தேன்.

“நெறைய எடம் கெடக்குக்கா. சும்மா எதுக்கு அம்மையைத் தோண்டணும்?”

ஆனிக் கடைசியில் கடல் ஏறியது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவர் இல்லை. பாதித் தோட்டம் இல்லை. அம்மையின் கல்லறை இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் புரண்டது. புன்னை மட்டும் நின்றது, அதன் வேர் பிடித்திருந்த மண்ணோடு. அதைக் கண்டதும் அந்த வளைந்த கோடு நினைவுக்கு வந்தது. போனை எடுத்துப் பழைய திருத்தங்களைத் தேடி, நான் இழுத்து எறிந்த கோட்டைத் திறந்தேன். அலை நின்ற இடமும் அந்தக் கோடும் ஒன்றாக இருந்தன, புன்னையைச் சுற்றிய வளைவு உட்பட. அந்த ஆள் கோடு போட்டது மாசியில். அப்போது அங்கே கடலே கிடையாது; பழைய படம், புதிய படம் எதைத் திறந்தாலும் காய்ந்த மணல்தான். எதைப் பார்த்து வரைந்தீர்கள் என்று, கோடு போட்டவரின் பயனர் கணக்குக்கு எழுதினேன். பதில் இல்லை. அந்தக் கணக்கில் வேறு திருத்தமும் இல்லை. அந்த ஒரு கோடு போடத்தான் வந்திருக்கிறது.

மறுநாள் கோட்டை அந்த ஆள் போட்ட இடத்திலேயே திரும்ப வைத்தேன். கல்லறைத் தோட்டத்தின் எல்லையை வெட்ட மனம் வரவில்லை. கடலும் அதுவும் இன்றைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிவந்துதான் கிடக்கின்றன.

கல்லறைத் திருநாளுக்கு அக்கா மெழுகுதிரியோடு வந்தாள்.

“அம்மை எங்கலே கெடக்கா?”

தண்ணீரைக் காட்டினேன். கரையோரம் குனிந்து மெழுகுதிரியை மணலில் ஊன்றிப் பற்றவைத்தாள்.

“நீ அளந்துதானே சொன்ன?”

“அளந்துதான்க்கா சொன்னேன்.”

“பின்ன நீ என்ன செய்வ மக்கா” என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எந்தக் கோடுவரை அளந்தேன் என்று இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.