துடைத்த தரை

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். காலையில் நான் வீட்டைத் துடைத்து முடிக்கிற நேரம் பார்த்துத்தான் என் கணவர் வயலிலிருந்து சேற்றுக்காலோடு டீ குடிக்க அடுப்படிக்கு வருவார். கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டைதான்.

அன்று எனக்கு உடம்பு முடியவில்லை. "இந்தக் காலோட உள்ள வந்தீங்கன்னா பாத்துக்குங்க!" என்று கத்திவிட்டேன்.

படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டார். சம்பாப் பயிரில் புழு விழுந்திருந்த நேரம் அது. "சரி, மருந்தடிச்சிட்டு வந்தே குடிச்சுக்குறேன்" என்று திரும்பிப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து வயல்காரர் ஓடிவந்தார். "அக்கா, அண்ணன் வரப்புல விழுந்து கெடக்குறாரு!" போய்ப் பார்த்தால் வாயில் நுரை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வெறும் வயித்தோடவா மருந்தடிச்சாரு?"

மூன்று நாள் அவருக்கு நினைவில்லை. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நான் துடைத்த தரை, துடைத்தபடியே பளபளவென்று கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. "ஒரே ஒரு தடம் போதும் சாமி" என்று அதிலேயே உட்கார்ந்து கதறினேன்.

பிழைத்து வந்துவிட்டார். இப்போதெல்லாம் சாப்பிடாமல், முகத்தில் துணி கட்டாமல் அவரை மருந்தடிக்க விடுவதில்லை. வீடு துடைப்பதும் அவர் டீ குடித்துவிட்டுப் போன பிறகுதான். வாசலிலிருந்து அடுப்படி வரை எட்டுத் தடங்கள், விரல்கூடத் தெளிவாகத் தெரியும். எட்டையும் எண்ணிப் பார்த்த பிறகே துணியை நனைக்கிறேன்.